பக்கவாதம் வந்தவரை அட்மிட் செய்தே ஆக வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாத வார்டில் வேலை பார்க்கிற எனக்கு, ஸ்கேன் அறை வாசலில் நிற்கிறவர்களிடமிருந்து வரும் கேள்விகள் அநேகமாக மாறுவதே இல்லை. "கட்டாயம் சேர்த்துத்தான் ஆகணுமா, மாத்திரை எழுதிக் கொடுத்தா போதாதா?" என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்து, நான் சொல்லும் பதிலையும் எழுதியிருக்கிறேன். உங்கள் எதிரில் ஒருவருக்கு இப்போது வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் இதைப் படிக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கவாதமோன்னு சந்தேகம் வந்தா, வீட்டிலேயே கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போகலாமா?

வேண்டாம். இங்கே இரண்டு முடிவுகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதா என்பது முதல் முடிவு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ பலமிழப்பது, பேச்சு குழறுவது அல்லது சொல் கிடைக்காமல் தவிப்பது, ஒரு பக்கப் பார்வை மறைவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் கிளம்பிவிட வேண்டும். அங்கே தங்குவதா என்பது இரண்டாவது முடிவு. பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் அதை எடுக்க முடியும்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வெளியானது. அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்துக்குள்ளும் முதல் மணியில் போடுவதற்கும் நான்காவது மணியில் போடுவதற்கும் பலன் ஒன்றல்ல.

போகிற வழியில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். நெஞ்சுவலிக்குக் கேள்விப்பட்ட யோசனை இங்கே பொருந்தாது. உள்ளே அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கலாம்.

அப்போ வர்றவங்க எல்லாரையும் அட்மிட் பண்ணிடுவீங்களா?

இல்லை. வருகிறவர்களில் ஒரு பகுதிக்குப் பக்கவாதமே இருக்காது. ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோனது, வலிப்புக்குப் பிறகு வரும் தற்காலிகப் பலவீனம், ஒற்றைத் தலைவலியின் ஒரு வகை, இவை எல்லாம் பக்கவாதம்போலவே வேடம் போடும். அதனால்தான் வந்தவுடன் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறோம். இன்னொரு பகுதியினருக்கு வந்த அறிகுறி முழுவதும் மறைந்திருக்கும். அவர்களில் சிலர் தேவையான பரிசோதனைகளை முடித்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம்.

அறிகுறி இன்னும் இருக்கிறது, புதிதாக வந்தது, பக்கவாதம்தான் என்றும் உறுதியாகிவிட்டது என்றால், அட்மிட் செய்வதுதான் விதி. வீட்டுக்கு அனுப்புவது விதிவிலக்கு. விதிவிலக்குக்குத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

டாக்டர் எதைப் பார்த்து இதை முடிவு பண்றாங்க? கை கால் எவ்வளவு விழுந்திருக்குங்கறதை வெச்சா?

குடும்பத்தார் பார்ப்பது இப்போது கை எவ்வளவு தூக்குகிறார் என்பதை. நாங்கள் யோசிப்பது அடுத்த இரண்டு நாளில் என்ன நடக்கக்கூடும், அப்போது யார் பக்கத்தில் இருப்பார் என்பதை. இந்த இரண்டு பார்வைக்கும் இடையில்தான் வாசலில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி பிறக்கிறது.

என் மனதில் ஓடும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். உடனே செய்ய வேண்டிய சிகிச்சை ஏதாவது இருக்கிறதா: கட்டி கரைக்கும் ஊசி, ரத்தக்கட்டியை எடுப்பது, அறுவை? இருந்தால் பேச்சே இல்லை, அட்மிஷன்தான். அடுத்து, இது மோசமாகக்கூடிய வகையா? பெரிய குழாயில் அடைப்பு, விட்டுவிட்டு வந்து போகும் பலவீனம், சிறுமூளைப் பாதிப்பு, தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போவது ஆகியவை என்னைப் பயமுறுத்தும். அப்புறம் மிகச் சாதாரணமாகத் தெரியும் சில: தண்ணீரைப் புரையேறாமல் விழுங்குகிறாரா, கழிப்பறைக்குத் தானாக எழுந்து போக முடிகிறதா, சொல்வது அவருக்குப் புரிகிறதா? கடைசியாக, ஏன் வந்தது என்று தெரிந்துவிட்டதா? இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறதா, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய் சுருங்கியிருக்கிறதா என்பது தெரியாமல் வீட்டுக்கு அனுப்பினால், அடுத்ததும் அதே இடத்திலிருந்து கிளம்பி வரலாம்.

பாதிப்பை அளக்க என்ஐஎச்எஸ்எஸ் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. 0 முதல் 42 வரை போகும். கூடக் கூட மோசம். உதவியான கருவிதான். ஆனால் அதில் 2 மட்டும் வாங்கிய ஒருவர் நடக்க முடியாமல் தள்ளாடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் நடையை அது அளப்பதே இல்லை. மதிப்பெண்ணை மட்டும் நம்பி அட்மிஷனை மறுப்பது சரியல்ல.

சிடி ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்போ ஒண்ணும் இல்லைதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நூறு முறை பதில் சொல்லியிருப்பேன். சிடி ஸ்கேன் முதலில் எடுப்பது ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான். கசிவு இருந்தால் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பால் வந்த பாதிப்போ முதல் சில மணி நேரத்துக்கு சிடியில் தெரியாமலே இருக்கலாம். வாய் கோணி, கை விழுந்த ஒருவரின் சிடி நார்மல் என்றால் அதன் அர்த்தம், "கசிவு இல்லை, ஒருவேளை கட்டி கரைக்கும் ஊசி போடலாம்" என்பது. அதை "ஒன்றும் இல்லை" என்று மொழிபெயர்த்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிப் போனவர்கள் உண்டு.

எம்ஆர்ஐ இதைவிடக் கூர்மையானது. அடைப்பின் பாதிப்பைச் சீக்கிரமே காட்டிவிடும். அதுவும்கூட மூளையின் பின்பகுதியில் வரும் சிறிய பாதிப்பை முதல் நாளில் தவறவிடலாம். அதனால் நோயாளியின் உடம்பு ஒன்று சொல்லி, படம் வேறொன்று சொன்னால், உடம்பு சொல்வதைத்தான் நம்புவோம்.

பத்தே நிமிஷத்துல எல்லாம் சரியாயிடுச்சு. இப்போ நல்லா பேசறார், நடக்கறார். எதுக்கு இருக்கணும்?

இதற்குத் தற்காலிகப் பக்கவாதம் என்று பெயர். டிஐஏ என்றும் மினி ஸ்ட்ரோக் என்றும் சொல்வார்கள். 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் டிஐஏ என்பது பழைய வரையறை. 2009-இல் அமெரிக்க நிபுணர்கள் அதை மாற்றி, நேரக் கணக்கை விட்டுவிட்டு, மூளைத் திசுவில் நிரந்தரப் பாதிப்பு இல்லாமல் இருந்தால்தான் டிஐஏ என்றார்கள். காரணம், அறிகுறி முழுவதும் மறைந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் அளவுக்கு எம்ஆர்ஐயில் பாதிப்பு தெரிகிறது. நன்றாகப் பேசுகிறார் என்பது நல்ல செய்திதான், முழுச் செய்தி அல்ல.

ஆபத்து எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். டிஐஏவுக்குப் பின்னால் வரும் பெரிய பக்கவாதங்களில் நிறைய முதல் 48 மணி நேரத்திலேயே வந்துவிடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த எக்ஸ்பிரஸ் என்ற ஆய்வு 2007-இல் வெளிவந்தது. டிஐஏ அல்லது லேசான பக்கவாதம் வந்தவர்களை அன்றன்றே பார்த்து மருந்து தொடங்கியபோது, 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது புது மருந்தொன்றும் இல்லை. பழைய மருந்துகளைச் சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதில் உங்களுக்குச் சாதகமான செய்தியும் ஒன்று இருக்கிறது. அதே ஆண்டில் பாரிஸில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் டிஐஏ கிளினிக் பற்றிய ஆய்வு வந்தது. அங்கே வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு அன்றே வீடு திரும்பினார்கள். முழுப் பரிசோதனையும் அங்கேயே சில மணி நேரத்தில் முடிந்ததால் அது முடிந்தது. ஆகவே டிஐஏவைப் பொறுத்தவரை கேள்வி இப்படி மாறுகிறது: ஸ்கேன், ஈசிஜி, கழுத்துக் குழாய்ப் பரிசோதனை எல்லாம் இன்றே, மிஞ்சினால் நாளைக்குள் வெளியிலேயே நடந்துவிடுமா? நடக்கும் என்றால் வீட்டுக்குப் போகலாம். அடுத்த வாரம்தான் தேதி கிடைக்கும் என்றால் அட்மிட் ஆவதே மேல்.

ஏபிசிடி2 ஸ்கோர் 3க்குக் கீழே இருந்தா வீட்டுக்குப் போகலாம்னு படிச்சேன். சரியா?

இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது இது. டிஐஏ வந்தவருக்கு அடுத்த சில நாளில் பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கணிக்கும் மதிப்பெண் முறைதான் ஏபிசிடி2. 60 வயதோ அதற்கு மேலோ என்றால் 1, ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் 1, ஒரு பக்கப் பலவீனத்துக்கு 2, பலவீனம் இல்லாமல் பேச்சு மட்டும் பாதித்திருந்தால் 1, அறிகுறி 10 முதல் 59 நிமிடம் நீடித்தால் 1, 60 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 2, சர்க்கரை நோய்க்கு 1. மொத்தம் 7. மதிப்பெண் 0 முதல் 3 வரை இருந்தவர்களுக்கு இரண்டு நாளுக்குள் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம், 4 அல்லது 5 என்றால் சுமார் 4, 6 அல்லது 7 என்றால் சுமார் 8 என்று 2007-இல் வந்த ஆய்வு சொன்னது.

கூட்டமாகப் பார்த்தால் கணக்கு சரிதான். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அதுவே கைவிட்டுவிடும். 45 வயதுக்காரர், அழுத்தம் நார்மல், சர்க்கரை இல்லை, கால் மணி நேரம் பேச்சு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் 2. அவருடைய இடது கழுத்துக் குழாய் முக்கால்வாசி சுருங்கியிருந்தால்? இந்த மதிப்பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் அதில் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019-இல் கொடுத்த வழிகாட்டுதலில், யாரை அவசரமாகப் பார்ப்பது என்று தீர்மானிக்க இத்தகைய மதிப்பெண்களைப் பயன்படுத்த வேண்டாம், கடந்த ஒரு வாரத்துக்குள் டிஐஏ வந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் எல்லாரையும் 24 மணி நேரத்துக்குள் நிபுணர் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டது. மதிப்பெண் அதிகமாக இருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் நிம்மதி அடைய அது போதாது.

எந்த டிஐஏவுக்குக் கட்டாயம் அட்மிட் ஆகணும்?

சில நாளுக்குள் இரண்டு மூன்று முறை வந்து போயிருந்தால். ஈசிஜியில் ஒழுங்கற்ற துடிப்பு தெரிந்தால். அறிகுறிக்குக் காரணமான பக்கத்துக் கழுத்துக் குழாயில் கணிசமான சுருக்கம் இருந்தால். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால். இவருக்கு முதலில் கசிவு இல்லை என்று ஸ்கேன் சொல்லியாக வேண்டும். எம்ஆர்ஐயில் பாதிப்பு தெரிந்தால். அப்போது அது டிஐஏ என்பதே போய்ப் பக்கவாதம் ஆகிவிடுகிறது. வீட்டில் தனியாக இருக்கிறவர் என்றாலும்தான். இரவில் மறுபடி வந்தால் போனை எடுக்கக்கூட முடியாமல் போகலாம்.

டிஐஏன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பறாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி நாங்க என்ன கேட்டுக்கணும்?

கையில் மருந்து இருக்கிறதா, முதல் வேளை இங்கேயே கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அடைப்பு வகை என்றால் பலருக்கு ரத்தக்கட்டி உருவாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் சேர்த்து முதல் 21 நாள் கொடுப்பது இப்போது வழக்கம். அப்புறம் ஒன்றை நிறுத்திவிடுவார்கள். எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் இரண்டையும் விடாமல் விழுங்கிக்கொண்டு, ஈறிலிருந்து ரத்தம் வருகிறது என்று வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முடியாமல் நிற்கும் பரிசோதனை எது, அது எந்தத் தேதியில் என்றும் கேளுங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அங்கேயே நின்று இன்னொரு முறை கேளுங்கள்.

லேசான ஸ்ட்ரோக்தான்னு சொல்றாங்க. வலது கை விரல் மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கல. இதுக்குமா?

லேசு என்பது மதிப்பெண் கணக்கில் லேசு. என்ஐஎச்எஸ்எஸ் 5 வரை இருந்தால் லேசானது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அந்த விரல்களால் தையல் இயந்திரம் ஓட்டுகிறவருக்கும் எழுதிப் பிழைக்கிறவருக்கும் அது லேசு இல்லை. கட்டி கரைக்கும் ஊசி போடலாமா என்று பார்க்கும்போதும் இதைத்தான் கேட்கிறோம்: இந்தப் பாதிப்பு இப்படியே நின்றுவிட்டால் அவருடைய வாழ்க்கையை முடக்குமா? முடக்காத பாதிப்புக்கு அந்த ஊசியால் கூடுதல் பலன் இல்லை என்று பிரிஸம்ஸ் ஆய்வு 2018-இல் காட்டியது. அதனால் ஊசி போடவில்லை என்பதற்காக "அப்போ அட்மிஷனும் வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

லேசாகத் தொடங்கியது லேசாகவே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெரிய குழாய் அடைபட்டிருந்தும் பக்கத்துக் கிளைக் குழாய்கள் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிப்பதால் அறிகுறி குறைவாகத் தெரியும் நோயாளிகள் உண்டு. அந்தக் கிளைகள் கைவிட்டால் ஒரே இரவில் கை முழுவதும் போய்விடும். இன்னொரு வகையில், மூளையின் உள்ளே ஓடும் நுண்குழாய்கள் அடைபடும்போது பலவீனம் படிப்படியாக, ஒரு நாள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு கூடும். குழாய்களைக் காட்டும் ஸ்கேன் எடுத்து, குறைந்தது ஓரிரு நாள் பார்த்துவிட்டு அனுப்புவதைத்தான் நான் விரும்புவேன்.

நாலரை மணி நேரம் தாண்டிடுச்சுன்னு ஊசி போடல. இனிமே இங்கே வெச்சு என்ன பிரயோஜனம்?

நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் அடிப்படையே தவறு. முதலில், ஊசியின் நேரம் முடிந்தாலும் கதவு மூடவில்லை. பெரிய குழாயில் சிக்கிய கட்டியை, தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியே கம்பி நுழைத்து எடுக்கும் சிகிச்சையின் பலனை 2015-இல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள் நிலைநாட்டின. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட அது உதவும் என்று 2018-இல் டான் என்ற ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் பொருந்தாது, பொருந்துமா என்று பார்க்கவே ஆஸ்பத்திரி வேண்டும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியமானது. வெளியில் யாரும் பேசாததும் அதுதான். ஊசியும் கம்பியும் சிலருக்குத்தான் கிடைக்கும். பக்கவாத நோயாளிகளை மட்டும் பார்க்கும், அதற்கென்றே பழகிய நர்ஸுகளும் பிசியோதெரபிஸ்டுகளும் இருக்கும் வார்டு, அதாவது ஸ்ட்ரோக் யூனிட், எல்லாருக்கும் உதவுகிறது. வயதானவர், இளையவர், ஆண், பெண், லேசானது, கடுமையானது என்று வித்தியாசமில்லாமல் சாவையும் பிறரைச் சார்ந்து வாழ வேண்டிய நிலையையும் அது குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெளிவாகியிருக்கிறது. அங்கே அதிசயமாக ஒன்றும் நடப்பதில்லை. வாய்வழி எதையும் கொடுக்கும் முன் விழுங்கும் சோதனை செய்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் பாதிப் பேர் வரை முதல் நாட்களில் சரியாக விழுங்க முடியாதவர்கள். இது தெரியாமல் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, அது நுரையீரலுக்குள் போய், நிமோனியாவில் முடியும். காய்ச்சலையும் சர்க்கரையையும் கவனிக்கிறார்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க காற்றழுத்த உறை மாட்டுகிறார்கள். புரட்டிப் படுக்க வைக்கிறார்கள்.

ரத்த அழுத்தத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அடைப்பு வகையில், ஊசியோ கட்டி எடுப்பதோ செய்யாதவருக்கு, முதல் ஒன்றிரண்டு நாள் அழுத்தம் 220/120 வரை ஏறினாலும் பெரும்பாலும் விட்டுவைப்போம். அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள மூளைக்கு அந்த அழுத்தம் தேவைப்படுகிறது. வீட்டில் கருவியில் 190 என்று பார்த்ததும் கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். நல்லெண்ணத்தில்தான்.

ஆஸ்பத்திரியில இருந்தா தொற்று வரும். நர்ஸ் வெச்சு வீட்டிலேயே பார்த்துக்கறோமே?

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2000-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பிரிட்டனில் 457 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: ஸ்ட்ரோக் யூனிட், பொது வார்டில் வைத்து நிபுணர் குழு வந்து பார்ப்பது, வீட்டிலேயே நிபுணர் குழுவின் கவனிப்பு. ஓர் ஆண்டுக்குப் பிறகு இறந்தவர்களும் பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்தவர்களும் ஸ்ட்ரோக் யூனிட்டில் 14 சதவீதம், பொது வார்டில் 30, வீட்டில் 24. வீட்டில் இருந்தவர்களில் மூன்றில் ஒருவரை எப்படியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இந்த எண்களில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது, பாருங்கள். பழக்கமில்லாத பொது வார்டு வீட்டைவிட மேலாக இருக்கவில்லை. ஆகவே "அட்மிட் ஆகியாச்சு" என்பதோடு திருப்திப்படாமல், எந்த வார்டு என்று கேட்பது உங்கள் உரிமை.

வீட்டுக் கவனிப்புக்கு இடமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முதல் சில நாள் கண்டத்தைத் தாண்டியபின், லேசான அல்லது நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் வீட்டுக்கே வரும்படி ஏற்பாடு செய்தால் நன்றாகவே தேறுகிறார்கள். வீடு இரண்டாவது கட்டத்துக்கு நல்ல இடம்.

தூங்கி எழுந்தப்போதான் கை வரலைன்னு தெரிஞ்சுது. எத்தனை மணிக்கு வந்துச்சுன்னே தெரியாதே?

கடைசியாக அவரை நன்றாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், அது போதும். இரவு எழுந்து கழிப்பறைக்குப் போனாரா என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு தகவலே சில மணி நேரத்தை மீட்டுத் தரும். எம்ஆர்ஐயில் பாதிப்பு புதியதுதானா என்று ஊகித்து ஊசி போடலாம் என்பதை வேக்-அப் என்ற ஆய்வு 2018-இல் காட்டியது. அட்மிஷனைப் பொறுத்தவரை மற்றவர்களுக்கு உள்ளதேதான்.

ரத்தக்கசிவுன்னா?

அட்மிஷன்தான், விவாதமில்லை. முதல் சில மணி நேரத்தில் கசிவு பெரிதாகக்கூடும். அடைப்புக்கு நேர்மாறாக இங்கே உயர்ந்த அழுத்தத்தைச் சீக்கிரம் குறைப்போம். உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு அதை முறிக்கும் மருந்து கொடுப்போம்.

தலை சுத்துது, வாந்தி வருது, அவ்வளவுதான். கை கால் நல்லாத்தான் இருக்கு. இதெல்லாம் பக்கவாதமா?

பெரும்பாலும் இல்லை, காதின் உட்பகுதிக் கோளாறாக இருக்கும். ஆனால் சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ அடைப்பு வந்தாலும் இப்படித்தான் தொடங்கலாம். எழுந்து நடக்கச் சொல்லிப் பார்ப்பது இங்கே எந்த ஸ்கேனுக்கும் குறைந்ததல்ல. தலைசுற்றலோடு பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாதவர், இரட்டையாகத் தெரிகிறது என்பவர், குரல் மாறியவர், விழுங்க முடியாதவர், புதிதாகப் பின்தலையிலோ கழுத்திலோ வலி உள்ளவர், இவர்கள் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலைசுற்றலுக்கு ஊசி போட்டதும் தெளிவாகப் பேசிய ஒருவரைப் படுக்கையில் வைத்தே பரிசோதித்துவிட்டு அனுப்பவிருந்தேன். நடக்க வைத்தாயா என்று மூத்த நர்ஸ் கேட்டார். இறங்கி நின்றவர் இடது பக்கமாகச் சாய்ந்தார். சிறுமூளை அடைப்பு. அது வீங்கினால் மூளைநீர் வடியும் பாதையை அழுத்தும். நன்றாக இருந்தவர் சில மணி நேரத்தில் நினைவிழந்துவிடலாம். முதல் சில நாள் இவர்களை விடாமல் பார்ப்பது அதற்காகத்தான்.

வாய் மட்டும் கோணியிருக்கு. வேற ஒண்ணும் இல்லை. அட்மிட் ஆகணுமா?

புருவத்தை உயர்த்தச் சொல்வோம். கோணிய பக்கத்தில் நெற்றியும் சுருங்கவில்லை, கண்ணும் மூடவில்லை என்றால் முகநரம்பு வாதமாக இருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் அட்மிஷன் தேவையில்லை. மருந்தும் கண் பாதுகாப்பும் போதும். நெற்றி நன்றாகச் சுருங்கி வாய் மட்டும் கோணியிருந்தால் பக்கவாதம் என்றே நடத்துவோம். இந்தச் சோதனையை வீட்டில் செய்து நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

பழைய பக்கவாதம் இருக்கு. இப்போ காய்ச்சல் வந்ததும் அதே பக்கம் மறுபடி விழுந்துடுச்சு. புதுசா, பழசா?

சிக்கலான கேள்வி. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, தூக்கமின்மை ஆகியவற்றால் ஆறிப்போன பழைய பலவீனம் தற்காலிகமாகத் திரும்புவது உண்டு. தொற்று குணமானால் பழைய நிலைக்கு வந்துவிடுவார். ஆனால் பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. எம்ஆர்ஐ பெரும்பாலும் பிரித்துக் காட்டும். நடந்துகொண்டிருந்தவர் படுத்துவிட்டார் என்றால், புதிதோ பழசோ, அட்மிட் செய்ய அதுவே காரணம் ஆகிவிடுகிறது.

நாலு நாளைக்கு முன்னாடி வந்திருக்கு. இப்பதான் எங்ககிட்ட சொன்னார். இனிமே அவசரம் இல்லையே?

அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற அளவுக்கு அவசரம் இருக்கிறது. அப்புறம் கட்டில் தேவையா என்பது வேறு. நான்கு நாளாகப் பாதிப்பு கூடாமல் அப்படியே நிற்கிறது, நடக்கிறார், விழுங்குகிறார், வீட்டில் ஆள் இருக்கிறார், பரிசோதனைகள் சீக்கிரம் நடக்கும் என்றால், அட்மிட் செய்யாமல் பார்க்க நியாயமான இடம் இதுதான். கழுத்துக் குழாய்ப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அங்கே சுருக்கம் அதிகமிருந்து அறுவை தேவை என்றால், அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் செய்வதில்தான் பலன் அதிகம். அந்த இரண்டு வாரத்தில் நான்கு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

அம்மாவுக்கு 88 வயசு. இனிமே ஆஸ்பத்திரியில போட்டு எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?

வயது மட்டும் காரணம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலரை மணி நேரக் கேள்விக்குச் சொன்னதுபோல ஸ்ட்ரோக் யூனிட்டின் பலன் வயதானவர்களுக்கும் உண்டு. நேற்றுவரை தானே குளித்து, தானே நடந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த 88 வயதுக்காரருக்கு இழக்க நிறைய இருக்கிறது.

அவர் ஏற்கெனவே படுக்கையில், யாரையும் அடையாளம் தெரியாத நிலையில் இருந்தாரா? இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று தெளிவாக இருந்தபோதே சொல்லியிருந்தாரா? அப்போது பேச்சு வேறு. பாதிப்பு மிகக் கடுமையாக இருந்து மீளும் வாய்ப்பு குறைவு என்றால், வலியில்லாமல், மூச்சுத் திணறாமல், தெரிந்த முகங்களுக்கு நடுவில் வைத்துக்கொள்வதும் ஒரு சிகிச்சைதான். அதற்கும் ஒரு டாக்டரின் துணை வேண்டும்: வாயைச் சுத்தமாக வைப்பது, சளியைச் சமாளிப்பது, வலிக்கு என்ன கொடுப்பது என்று சொல்லித் தர. முதல் சில மணி நேரத்தில் சிலர் உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியலாம். முடிந்தால் ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டு இந்த முடிவை எடுங்கள்.

இந்த ஆஸ்பத்திரியில ஸ்ட்ரோக் யூனிட் இல்லையாம். இங்கேயே சேர்க்கறதா, வேற இடத்துக்குக் கொண்டுபோறதா?

சிடி ஸ்கேனும் ஊசியும் இங்கே உண்டு, நேரமும் இருக்கிறது என்றால், ஊசியை இங்கே போட்டுக்கொண்டு அப்புறம் மாறுவதுதான் பெரும்பாலும் சரி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறோம் என்று கிளம்பி வழியில் ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்தவர்கள் பலர். குழாய் ஸ்கேனில் பெரிய அடைப்பு தெரிந்தால், ஊசி வேலை செய்கிறதா என்று காத்திருக்காமல், கட்டி எடுக்கும் வசதி உள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும். போகும் முன் அந்த இடத்துக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

மூளையின் ஒரு பாதியில் பெரும்பகுதி பாதித்தவர்களுக்கும் மாற்றம் தேவைப்படலாம். வீக்கம் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். 60 வயது வரையுள்ளவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் மண்டை ஓட்டின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டால் பிழைப்பவர்கள் 29 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாகக் கூடுவதாக மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-இல் சொன்னார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கடுமையான ஊனம் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூளை அறுவை செய்யும் இடத்தில் நோயாளி முதல் நாளே இருந்தால்தான் இதைப் பேசவே முடியும்.

எல்லாம் கேட்டாச்சு. இருந்தாலும் இருக்க முடியாது, கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறோம்.

கட்டிப்போட முடியாது. முடிவெடுக்கும் தெளிவு அவருக்கு இருந்தால், அது அவருடைய உரிமை. பேச்சு பாதித்தவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோமா என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வேன். ஏன் போகிறார்கள் என்றும் கேட்பேன். வீட்டில் வேறொருவர் படுத்திருக்கிறார், குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள் என்பதுபோல, பேசினால் தீர்க்கக்கூடிய காரணமாகவே பல சமயம் இருக்கும்.

போவது என்று ஆகிவிட்டால், விழுங்கும் சோதனையைச் செய்யாமல் கிளம்பாதீர்கள். தேறவில்லை என்றால் எப்படி உணவு கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் படத்தையும் மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இரவு அவர் பக்கத்தில் ஒருவர் படுக்கட்டும். பலவீனம் கூடினால், பேச்சு மறுபடி குழறினால், எழுப்பினால் எழாமல் தூங்கினால், கடும் தலைவலியோ வாந்தியோ வலிப்போ வந்தால், நேரே திரும்பி வாருங்கள். கையெழுத்துப் போட்டுப் போனோமே, எந்த முகத்தோடு போவது என்று காலை வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அந்தத் தாளை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை.